நறுமணத்தை அன்றாட ஆங்கிலத்தில் இயல்பாகச் சொல்வது எப்படி?

மகிழம் எழுதியது:

ஆங்கிலத்தில் வாசிக்கவும் எழுதவும் நன்கு பழகியவர்களுக்குக்கூட, ஒரு நல்ல மணத்தைப் பற்றி நான்கு வாக்கியம் பேச நேர்ந்தால் 'குட் ஸ்மெல்', 'நைஸ் ஸ்மெல்' என்ற இரண்டோடு சொற்கள் தீர்ந்துவிடுகின்றன. அகராதியைத் திறந்தால் ஃப்ரேக்ரன்ஸ், அரோமா, சென்ட், பெர்ஃப்யூம், ஓடர் எனப் பல சொற்கள் கிடைக்கின்றன. ஆனால் எதை எங்கே சொன்னால் இயல்பாக இருக்கும், எதைச் சொன்னால் விளம்பர வாசகமாக ஒலிக்கும் என்பதை அகராதி விளக்குவதில்லை. பூ, சோப்பு, வாசனைத் திரவியம், மழை ஆகியவற்றின் மணத்தைச் சாதாரணப் பேச்சில் எப்படி வருணிப்பது, உடன் பணிபுரிபவர் பூசியிருக்கும் வாசனைத் திரவியத்தைத் தவறாகப் பொருள்படாமல் எப்படிப் பாராட்டுவது என்பவற்றை இங்குள்ளவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். எனக்குத் தேவை பேச்சு வழக்கு. கவிதை நடை அன்று.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நண்பர் மகிழம் அவர்களுக்கு, பெயர்ச்சொற்களின் பட்டியலிலிருந்து தொடங்குவதுதான் நம்மில் பலரைத் திசைதிருப்புகிறது என்று கருதுகிறேன். அன்றாட ஆங்கிலத்தில் நல்ல மணத்தைச் சொல்லும் பொறுப்பைப் பெரும்பாலும் சுமப்பது 'ஸ்மெல்' என்ற வினைச்சொல்லும் அதைத் தொடரும் ஒரு சிறிய பெயரடையும்தான். 'திஸ் சோப் ஸ்மெல்ஸ் லவ்லி', 'தோஸ் ரோசஸ் ஸ்மெல் அமேசிங்', 'சம்திங் ஸ்மெல்ஸ் குட்' ஆகியவை எந்த வீட்டிலும் எந்த அலுவலகத்திலும் காதில் விழக்கூடியவை. 'திஸ் சோப் ஹேஸ் எ வொண்டர்ஃபுல் ஃப்ரேக்ரன்ஸ்' என்பதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆயினும் கடையில் விற்பவர் சொல்வதற்கே அது பொருந்தும், வாங்கி வந்தவர் வீட்டில் சொல்வதற்கு அவ்வளவாகப் பொருந்தாது.

இதே சொல் பெயர்ச்சொல்லாக வரும்போது எச்சரிக்கை தேவை. அடைமொழி இல்லாமல் தனித்து நின்றால் 'ஸ்மெல்' பெரும்பாலும் கெட்ட வாடையையே குறிக்கும். 'தேர் இஸ் எ ஸ்மெல் இன் ஹியர்' என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் சன்னலைத் திறப்பார்கள். 'யூ ஸ்மெல்' என்று நிறுத்திவிட்டால் அது வசை; 'யூ ஸ்மெல் நைஸ்' என்று முடித்தால் பாராட்டு. 'ஸ்மெல்லி' என்ற பெயரடைக்கு நல்ல பொருளே கிடையாது என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. எனவே மணத்தைப் புகழ நினைப்பவர் பெயரடையை விழுங்கிவிடக் கூடாது.

நம்மவர்களிடம் அடிக்கடி காணப்படும் இரண்டு வழக்கங்களையும் குறிப்பிட வேண்டும். 'மணக்கிறது' என்பதை அப்படியே பெயர்த்து 'இட் இஸ் ஸ்மெல்லிங் நைஸ்' என்கிறோம். ஒரு பொருளிலிருந்து மணம் வருவதைச் சொல்லும்போது பொது ஆங்கிலத்தில் 'இட் ஸ்மெல்ஸ் நைஸ்' என்பதே வழக்கு. 'ஷி இஸ் ஸ்மெல்லிங் தி ரோஸ்' என்றால் அவர் பூவை முகர்ந்துகொண்டிருக்கிறார் என்று பொருள். அதுபோலவே, மூக்கில் மணம் படுவதைச் சொல்ல 'ஐ ஆம் கெட்டிங் எ ஸ்மெல்' என்பதைவிட 'ஐ கேன் ஸ்மெல் ஜாஸ்மின்' என்பது இயல்பானது. வினைக்குப் பின் வருவது பெயரடையே என்பதால் 'ஸ்மெல்ஸ் நைஸ்லி' என்று நீட்டவும் கூடாது.

'ஆஃப்', 'லைக்' ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் இங்கே உதவும். அறையில் மல்லிகை இருந்து அது மணந்தால் 'தி ரூம் ஸ்மெல்ஸ் ஆஃப் ஜாஸ்மின்'. மல்லிகையே இல்லாமல் ஏதோ ஒரு திரவம் அதை நினைவூட்டினால் 'இட் ஸ்மெல்ஸ் லைக் ஜாஸ்மின்'. பேச்சில் இரண்டாவது முதலாவதன் இடத்தையும் எடுத்துக்கொள்வதுண்டு; முதலாவது இரண்டாவதன் இடத்திற்கு அவ்வளவு எளிதாக வருவதில்லை.

சாரல் எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயா சொன்னதை ஏற்கிறேன், ஆனால் பெயர்ச்சொற்களை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. 'அரோமா' உணவு, காபி, மூலிகை ஆகியவற்றின் பக்கம் நிற்கும் சொல். அதை ஒருவருடைய சட்டையின் மணத்துக்குப் பயன்படுத்தினால் கேட்பவருக்குச் சிரிப்பு வரும். 'சென்ட்' பூ, மெழுகுவத்தி, துணி, கூந்தல் ஆகியவற்றுக்கு மென்மையாகப் பொருந்தும். 'ஃப்ரேக்ரன்ஸ்' புட்டியின் மேலும் கடை அலமாரியிலும் வாழும் சொல். 'ஓடர்' எழுத்தளவில் நடுநிலையானது. 'ஓடர்லெஸ் கேஸ்' என்பதில் பழிப்பு இல்லை. ஆனால் பேச்சில் அது வந்தால் கூடவே வியர்வையோ சாக்கடையோ வந்துவிடும். பாராட்டு வாக்கியத்தில் அதற்கு வேலையே இல்லை.

'சென்ட்' பற்றி ஓர் எச்சரிக்கை. நாம் தமிழில் 'சென்ட் போட்டுக்கொண்டேன்' என்று திரவத்தையே குறிக்கிறோம். பிரித்தானிய ஆங்கிலத்தில் அந்தப் பொருள் உண்டு என்றாலும் இன்று அது சற்றுப் பழைய வழக்காகவே ஒலிக்கிறது. திரவத்துக்குப் 'பெர்ஃப்யூம்' என்பதே பொதுச்சொல். ஆண்கள் பூசுவதை அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'கொலோன்' என்றும் பிரித்தானியர்கள் பலர் 'ஆஃப்டர்ஷேவ்' என்றும் சொல்கிறார்கள், அது சவரத்துக்குப் பின் பூசுவதாக இல்லாவிட்டாலும் கூட. ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரீனா குடும்பத்தினர் 1709இல் தொடங்கிய வணிகத்திலிருந்து புகழ்பெற்ற எலுமிச்சை வகை மணநீரின் பெயர், பின்னர் இப்படி ஆண்களுக்கான வாசனைப் பொருள் அனைத்திற்கும் பொதுவாக விரிந்துவிட்டது.

இவற்றோடு சேரும் வினையையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் வாசனைத் திரவியத்தை உடையைப் போலவே 'வேர்' செய்கிறார்கள். 'ஷி ஆல்வேஸ் வேர்ஸ் தி சேம் பெர்ஃப்யூம்' என்பது மிக இயல்பான வாக்கியம். 'அப்ளை' என்பது புட்டியில் அச்சிட்ட வழிமுறைக்கு உரியது.

வடிகுடுவை எழுதியது:

மணப்பொருள்களின் வேதியியலோடு தொழில்முறையில் தொடர்புள்ளவன் என்ற முறையில் பெயரடைகளைப் பற்றிச் சிறிது எழுதுகிறேன். 'ஃப்ரெஷ்', 'க்ளீன்', 'பவுடரி' போன்றவை தெளிவற்ற புகழுரைகளாகத் தோன்றினாலும், ஒவ்வொன்றின் பின்னாலும் குறிப்பிட்ட சில பொருள்கள் இருக்கின்றன. அவற்றை அறிந்துகொண்டால் சரியான இடத்தில் சரியான சொல் தானே வரும்.

'ஃப்ரெஷ்', 'க்ரிஸ்ப்', 'ஸெஸ்டி' ஆகியவை எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளின் மணத்துக்கு முதலில் வரும். இவற்றின் தோலிலுள்ள லிமோனீன் போன்ற மூலக்கூறுகள் விரைந்து ஆவியாகி முதல் சில நிமிடங்களிலேயே மூக்கை எட்டிக் கலைந்துவிடுவதால், அந்தக் கூர்மையும் சுருக்கமும் சொல்லிலும் படிந்துள்ளன. 'க்ளீன்' என்றால் பெரும்பாலும் துவைத்து உலர்த்திய துணியின் மணம்; சலவைப் பொருள்களில் செயற்கைக் கஸ்தூரி மூலக்கூறுகளைப் பல்லாண்டுகளாகச் சேர்த்து வந்ததால், அந்த மணத்தையே நம் மூளை தூய்மை என்று கற்றுக்கொண்டிருக்கிறது. 'பவுடரி' என்பது வயலட் பூ, ஐரிஸ் வேர் ஆகியவற்றை ஒத்த மணம். முகப்பூச்சுத் தூள்களில் அவை நெடுங்காலம் கலக்கப்பட்டதன் விளைவு அது. 'க்ரீன்' என்று சொன்னால் இலையைக் கசக்கியபோது அல்லது புல்லை வெட்டியபோது எழும் மணம். 'வார்ம்' என்று சொன்னால் வனிலா, பட்டை, பிசின்கள். வனிலாவின் முதன்மை மணப்பொருளான வனிலின் 1874இலேயே ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டுவிட்டதால், அந்த வெதுவெதுப்பு மலிவான சோப்பில்கூடக் கிடைக்கிறது. கடல்காற்றை நினைவூட்டும் 'அக்வாடிக்' என்ற வகை 1966இல் கண்டறியப்பட்ட கலோன் என்ற செயற்கைப் பொருளுக்கு நிறையக் கடன்பட்டது. 1990களில் அது வாசனைத் திரவியங்களில் பரவலாக இடம்பெற்றது.

'ஹெடி' என்ற சொல்லைத் தனியாகக் குறிப்பிட வேண்டும், ஏனெனில் மல்லிகைக்கும் நிலசம்பங்கிக்கும் அதைவிடப் பொருத்தமான அன்றாடச் சொல் ஆங்கிலத்தில் இல்லை என்பது என் கருத்து. தலையைக் கிறுகிறுக்க வைக்கும் அளவுக்குச் செறிந்த, ஆனால் வெறுக்கத்தகாத மணம் என்று அதற்குப் பொருள். மல்லிகையில் இண்டோல் என்றொரு பொருள் இயற்கையாகவே உண்டு. அதைத் தனியே அடர்த்தியாக முகர்ந்தால் மலத்தின் வாடைதான் வரும். நுண்ணிய அளவில் மற்ற பொருள்களோடு கலந்திருக்கும்போதோ, மல்லிகையை வெறும் இனிப்பாக விடாமல் அதற்கு ஓர் ஆழத்தைத் தருவதே அதுதான். 'ஸ்வீட்' என்று மட்டும் சொன்னால் மல்லிகையின் பாதி விடுபட்டுப்போகும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

வடிகுடுவை அவர்களின் விளக்கம் அருமையானது, எனினும் ஓரிடத்தில் வேறுபட வேண்டியிருக்கிறது. 'அக்வாடிக்' என்று சாதாரண மனிதர் வீட்டில் சொல்வதில்லை. 'ஸ்மெல்ஸ் லைக் தி ஸீ' என்பார். தொழில்முறைச் சொற்கள் சில நேரங்களில் வழிதவறவும் செய்யும். வாசனைத் திரவிய உலகில் 'ஆம்பர்' என்பது பெரும்பாலும் வனிலா, பிசின் வகைகளைக் கலந்து உருவாக்கிய மணம். நகைகளில் பதிக்கும் புதைபடிவப் பிசினுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. 1882இல் ஊபிகான் நிறுவனம் வெளியிட்ட ஃபூஜேர் ரோயால் என்ற திரவியத்திலிருந்து ஒரு முழு மணக்குடும்பமே 'ஃபூஜேர்' என்று பெயர்பெற்றது. அச்சொல்லுக்குப் பொருள் பெரணிச் செடி. பெரணிகளுக்கோ சொல்லிக்கொள்ளும்படி மணமே கிடையாது. இப்படிப்பட்ட சொற்களைக் கற்றுப் பேச்சில் இறக்கினால், கேட்பவருக்கு நாம் எதைச் சொல்கிறோம் என்பதே புரியாது.

ஆங்கிலத்திற்கு மணத்துக்கென்றே உரிய சொற்கள் குறைவு என்பதுதான் அடிப்படைச் செய்தி. 2014இல் அசிஃபா மஜீத், நிக்லாஸ் புரென்ஹுல்ட் ஆகிய மொழியியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மலாய்த் தீபகற்பத்தின் காடுகளில் வாழும் ஜஹாய் மக்களும் ஆங்கிலம் பேசுபவர்களும் ஒரே மணங்களுக்குப் பெயர் சொல்லும்படி கேட்கப்பட்டனர். ஜஹாய் மொழியில் பொருளின் பெயரைச் சாராத, மணத்தின் தன்மையையே குறிக்கும் சொற்கள் பத்துக்கு மேல் இருப்பதால், அவர்கள் நிறங்களுக்குப் பெயர் சொல்வதைப் போலவே மணங்களுக்கும் சுருக்கமாகவும் ஒத்த கருத்தோடும் பெயர் சொன்னார்கள். ஆங்கிலம் பேசியவர்களோ நிறத்துக்கு ஒற்றைச் சொல்லும் மணத்துக்கு நீண்ட, ஒருவருக்கொருவர் பொருந்தாத விளக்கங்களும் தந்தார்கள். ஆகவே நம் சொல்வளம்தான் குறைவு என்று மகிழம் அவர்கள் வருந்த வேண்டியதில்லை; ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் இதே தடுமாற்றம் உண்டு.

அந்தக் குறையை அவர்கள் இரண்டு வழிகளில் ஈடுசெய்கிறார்கள். ஒன்று, மற்றப் புலன்களிடமிருந்து கடன் வாங்குவது: 'வார்ம்', 'ஷார்ப்', 'சாஃப்ட்', 'ஹெவி', 'லைட்' எல்லாமே தொடுவுணர்விலிருந்து வந்தவை. மற்றொன்று, எது போல மணக்கிறது என்று சொல்லிவிடுவது: 'லைக் ஃப்ரெஷ் லாண்ட்ரி', 'லைக் கட் கிராஸ்', 'லைக் ஓல்டு புக்ஸ்', 'லைக் ரெயின்'. இந்த இரண்டாவது வழிதான் பேச்சின் முதுகெலும்பு. மழை மண்ணின் மணத்துக்கு 1964இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் 'பெட்ரிகோர்' என்று பெயர் சூட்டினார்கள்; அழகான சொல்தான், ஆனால் இன்றும் பெரும்பாலோர் சொல்வது 'தி ஸ்மெல் ஆஃப் ரெயின்' என்பதே.

வடிகுடுவை எழுதியது:

'அக்வாடிக்' பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் 'ஃப்ளோரல்', 'உடி', 'சிட்ரஸி', 'எர்த்தி', 'ஸ்பைஸி', 'ஸ்மோக்கி' ஆகியவை தொழில் எல்லையைத் தாண்டிப் பொதுவழக்குக்கு வந்துவிட்டன. இவற்றைத் தயங்காமல் பயன்படுத்தலாம். 'கைண்ட் ஆஃப் உடி', 'எ பிட் ஸ்பைஸி' என்று ஒரு தளர்வான முன்னொட்டோடு சொன்னால் பேச்சுத்தன்மையும் கெடாது. 'எர்த்தி' என்பது பெரும்பாலும் பாராட்டாகவே கொள்ளப்படும். அந்த மண் மணத்துக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளை, லட்சம் கோடியில் சில பங்கு அளவில் இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும்.

மகிழம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மணத்தின் அளவைச் சொல்வதில்தான் எனக்கு இன்னும் ஐயம் இருக்கிறது. 'ஸ்ட்ராங் பெர்ஃப்யூம்' என்பது புகழ்ச்சியா, புகாரா? மேலும் 'மஸ்கி', 'மஸ்டி' இரண்டும் ஒன்றா?

நெடுவழி எழுதியது:

இரண்டும் ஒன்றல்ல, இந்தத் துறையில் இதைவிட ஆபத்தான எழுத்துப்பிழை வேறு இருக்க முடியாது. 'மஸ்கி' என்றால் கஸ்தூரி சார்ந்த, தோலோடு ஒட்டிய, மெல்லிய விலங்குத் தன்மையுள்ள மணம். வாசனைத் திரவியத்துக்கு அது பாராட்டு. 'மஸ்டி' என்றால் காற்றோட்டமில்லாத அறையின், ஈரம் பூத்த துணியின் வாடை. ஒருவருடைய மேலங்கியைப் பார்த்து இரண்டாவதைச் சொன்னால் அதைத் துவைக்கச் சொல்வதாகவே பொருள்.

அளவைப் பொறுத்தவரை, 'ஸ்ட்ராங்' காபிக்குப் புகழ்ச்சி. வாசனைத் திரவியத்துக்குப் பெரும்பாலும் புகார். நான் ஆங்கிலமே பேசப்படும் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். 'தட்ஸ் குவைட் ஸ்ட்ராங்' என்று ஒருவர் மெதுவாகச் சொல்லும்போது அவர் ரசிக்கவில்லை என்றே எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். அதைத் தாண்டியவை 'ஓவர்பவரிங்', திகட்டும் இனிப்புக்கு 'க்ளாயிங்' அல்லது 'சிக்லி ஸ்வீட்'. 'ஷி ரீக்ஸ் ஆஃப் பெர்ஃப்யூம்' என்பது வெளிப்படையான ஏளனம். 'ரீக்' என்ற வினையோடு எவ்வளவு உயர்ந்த திரவியத்தைச் சேர்த்தாலும் அது மேலே எழாது. அகராதியில் 'செறிந்த மணம்' என்று தேடிப் 'பஞ்ஜெண்ட்' என்ற சொல்லை எடுப்பவர்களும் உண்டு. அது நம் 'நெடி' என்பதற்கு நெருக்கமானது, பூவுக்குப் பொருந்தாது.

செறிவைப் பாராட்டாகச் சொல்ல 'ரிச்' இருக்கிறது, 'ஹெடி' பற்றி முன்பே எழுதிவிட்டார்கள். மெலிவைப் பாராட்டாகச் சொல்ல 'லைட்', 'சட்டில்', 'டெலிகேட்' ஆகிய மூன்றும் போதும். 'ஃபெயின்ட்' நடுநிலையானது, மணம் குறைவாக இருக்கிறது என்ற செய்தியை மட்டும் தரும். 'எ ஹின்ட் ஆஃப் வனிலா', 'ஐ காட் எ விஃப் ஆஃப் யுவர் ஷாம்பூ' என்று சிறு அளவைக் காட்டும் தொடர்கள் பேச்சுக்கு மிகவும் உகந்தவை. மணம் நகர்வதையும் தங்குவதையும் வினைகளே காட்டிவிடும். 'இட் லிங்கர்ஸ்' என்று சொன்னால் ஆள் போன பிறகும் மணம் நிற்கிறது என்ற முழுச் செய்தியும் அந்த ஒரே வினையில் அடங்கிவிடுகிறது.

இனி, மனிதரைப் பாராட்டுவது. 'யூ ஸ்மெல் குட்' என்பது குடும்பத்துக்குள்ளும் நெருங்கிய நண்பர்களிடமும் சொல்லத்தக்கது. உடலையே பாராட்டுவதாக அது அமைவதால், பணியிடத்தில், குறிப்பாக மேலாளர் கீழ்ப்பணியாளரிடமோ அறிமுகம் குறைந்த ஆணும் பெண்ணும் ஒருவரிடம் ஒருவரோ சொன்னால் சங்கடம் விளையும். எழுவாயை மாற்றிவிட்டால் போதும்: 'தட்ஸ் எ லவ்லி பெர்ஃப்யூம்', 'ஐ லைக் யுவர் பெர்ஃப்யூம், வாட் இஸ் இட்?' என்று பாராட்டு திரவியத்தின் மேல் போய்விடும். 'வாட் ஆர் யூ வேரிங்?' என்று மட்டும் கேட்பதைத் தவிர்ப்பது நல்லது; அது ஆடையைப் பற்றிய கேள்வியாகவும் கேட்கப்படலாம், அதைவிடத் தவறாகவும் கேட்கப்படலாம்.

சாரல் எழுதியது:

'டெலிஷியஸ்' என்பதையும் அதே எச்சரிக்கையில் சேர்த்துவிடுங்கள். சமையலுக்கும் வனிலா மெழுகுவத்திக்கும் இயல்பானது. ஆளைப் பார்த்துச் சொன்னால் கொஞ்சல். 'லவ்லி' பிரித்தானியர்களின் வாயில் எதற்கும் வரும், அமெரிக்கர்கள் அந்த இடத்தில் 'கிரேட்', 'அமேசிங்' என்பதை அதிகம் சொல்வார்கள்.

மகிழம் எழுதியது:

இவற்றை வைத்து ஒரு திரவியத்தைப் பற்றி எழுதிப் பார்த்தேன்: 'இட் ஸ்டார்ட்ஸ் ஆஃப் ஃப்ரெஷ் அண்ட் சிட்ரஸி, பட் ஆஃப்டர் ஆன் அவர் இட் கெட்ஸ் வார்ம், சாஃப்ட், ரிச், பவுடரி அண்ட் எ பிட் ஸ்மோக்கி, லைக் வனிலா.' இது இயல்பாக இருக்கிறதா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

முதல் பாதியில் கைவைக்க வேண்டியதே இல்லை. இரண்டாம் பாதியில் ஐந்து பெயரடைகள் அடுக்கப்பட்டிருப்பதால் வாசிப்பவரின் மூக்கில் எதுவும் தங்கவில்லை. 'இட் கெட்ஸ் வார்ம் அண்ட் எ பிட் ஸ்மோக்கி, லைக் பர்ன்ட் வனிலா' என்று இரண்டையும் ஓர் ஒப்புமையையும் மட்டும் விட்டால் மணம் தெளிந்துவிடும்.

வடிகுடுவை எழுதியது:

நேரத்தைச் சேர்த்துச் சொன்னது மிகச் சரி, ஏனெனில் விரைந்து ஆவியாகும் பொருள்கள் முதலிலும் கனமான மூலக்கூறுகள் கடைசியிலும் வெளிப்படுவதால் எந்தத் திரவியமும் மாலைவரை ஒரே மணமாக இருப்பதில்லை. 'இட் லாஸ்ட்ஸ் ஆல் டே', 'இட் வேர்ஸ் ஆஃப் குவிக்லி' என்ற இரண்டும் எப்போதும் பயன்படும். பொதுவாக 'ஓ டி பர்ஃபாம்' என்று குறித்த புட்டிகளில் மணப்பொருளின் அடர்த்தி ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடும், 'ஓ டி டாய்லெட்' வகையில் 5 முதல் 15 விழுக்காடும் இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும்.

நெடுவழி அவர்கள் தொட்ட புகார் பக்கத்துக்கும் ஒன்று சேர்க்கிறேன். தொடர்ந்து முகரும் மணத்தை மூக்கு சிறிது நேரத்தில் கவனிக்காமல் விட்டுவிடும். இதைப் பேச்சில் 'நோஸ் ப்ளைண்ட்' என்பார்கள். அதிகமாகப் பூசியவருக்கு அது தெரிவதே இல்லை என்பதால் குற்றஞ்சாட்டாமல் சொல்வதே முறை: 'சாரி, ஐ'ம் எ பிட் சென்சிடிவ் டு பெர்ஃப்யூம்' என்று தன்மேல் ஏற்றிக்கொண்டு சொன்னால் யாரும் புண்பட மாட்டார்கள்.

நெடுவழி எழுதியது:

அப்படிச் சொல்பவர்கள் கடையில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்? 'அன்சென்டெட்', 'ஃப்ரேக்ரன்ஸ் ஃப்ரீ' இரண்டையும் ஒன்றாகவே பலர் பயன்படுத்துகிறார்கள்.

வடிகுடுவை எழுதியது:

பேச்சில் ஒன்றாகவே புழங்கினாலும் புட்டியின் மேல் வேறுபாடு இருக்கக்கூடும். 'ஃப்ரேக்ரன்ஸ் ஃப்ரீ' என்றால் மணப்பொருளோ மணத்தை மறைக்கும் பொருளோ சேர்க்கப்படவில்லை என்று பொருள். 'அன்சென்டெட்' என்று குறித்த பொருளில், மூலப்பொருள்களின் வாடை தெரியாதிருக்க மறைப்புப் பொருள் கலந்திருக்கலாம். மூக்குக்கு எதுவும் தெரியாது, ஆனால் ஒவ்வாமை உள்ள தோலுக்குத் தெரியக்கூடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் இந்த இரு சொற்களையும் இப்படியே பிரித்து விளக்குகிறது. ஆகவே அவர்கள் 'ஃப்ரேக்ரன்ஸ் ஃப்ரீ' என்றே கேட்டு, பின்புறத்தில் அச்சிட்டுள்ள உட்பொருள் பட்டியலில் 'ஃப்ரேக்ரன்ஸ்' அல்லது 'பர்ஃபாம்' என்ற சொல் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.